வாசகர் கேள்வி – பதில்: திறைசேரி வற்றிய வேளை

பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையான ஐரோப்பாவில் அரசியற் புரட்சிகள் எத்தகைய சமூகச் சூழலில் சாத்தியமாயின என்பதைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவையாவும் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இவ்விதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: நான் உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படிக்கிறேன். மன்னரின் கொடுங்கோன்மை, வரிச்சுமை, பஞ்சம், சிந்தனையாளரின் எழுத்து என்று ரியூட்டரிக் குறிப்பில் நான்கு காரணங்கள் தரப்பட்டுள்ளன. இவை நான்கும் அக்காலத்தில் எல்லா நாடுகளிலும் இருந்தனவே? அப்படியிருக்க, ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் மட்டும் ஆட்சி ஏன் கவிழ்ந்தது?
— மாணவி, கொக்குவில்

பதில்: நீங்கள் கொப்பியில் எழுதிய நான்கு காரணங்களும் பொய்யல்ல. ஆனால் எங்கும் இருந்த ஒன்றைக் கொண்டு, ஓரிடத்தில் மட்டும் நிகழ்ந்ததை விளக்க முடியாது என்ற உங்கள் ஐயம் முற்றிலும் சரியானது. உருசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியானவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் நிலையில் இருந்தார்கள். 1670–71 இல் ராசினும் 1773–75 இல் புகச்சோவும் பல்லாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு எழுந்தார்கள். புகச்சோவ் தன்னை இறந்துபோன மன்னர் மூன்றாம் பீற்றர் என்றே சொல்லிக்கொண்டான். கொடுமைக்கும் அங்கே குறைவில்லை, எழுந்தவர்களின் துணிவுக்கும் குறைவில்லை. ஆயினும் பிரபுக்களும் படையும் திருச்சபைத் தலைமையும் அரியணையின் பக்கம் உறுதியாக நின்றமையால், இரண்டு எழுச்சிகளும் அடக்கப்பட்டன. தலைவர்கள் இருவரும் மொஸ்கோவில் கொல்லப்பட்டார்கள்.

ஒடுக்கப்பட்டவர்கள் எழுந்தால் அது கிளர்ச்சி. அரசை நடத்துபவர்களே தமக்குள் பிளவுபட்டு, அவர்களில் ஒரு சாரார் மன்னருக்கு ஒத்துழைக்க மறுத்து நிற்கும் வேளையில் அந்த எழுச்சி வந்தால்தான், அது புரட்சியாக மாறும் வாய்ப்பைப் பெறுகிறது. நான் படித்த அளவில், அந்தப் பிளவை உண்டாக்கியது பெரும்பாலும் பணம்.

இதற்குப் பின்னணியாக நீண்டகால நெருக்குதல் ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1640 வரை மேற்கு ஐரோப்பாவின் மக்கள்தொகை பெருகிக்கொண்டே போயிற்று. இங்கிலாந்தில் அது ஏறத்தாழ இருமடங்கானது. உண்பவர்கள் பெருகிய வேகத்தில் விளைச்சல் பெருகவில்லை. 1545 இல் கண்டுபிடிக்கப்பட்ட பொத்தொசி மலையின் வெள்ளியும் ஸ்பெயின் வழியாகப் புழக்கத்துக்கு வந்து விலைவாசியை மேலும் தள்ளியது. தானியம் விற்பவர் செழித்தார், கூலிக்கு வேலை செய்பவர் மெலிந்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் சொல்லப்படாதது, மன்னரும் மெலிந்தார் என்பது. அவருடைய வருமானம் பழைய காலத்தில் வரையறுத்த குத்தகைகளிலும் சுங்கங்களிலும் கட்டுண்டு கிடந்தது. செலவோ ஒவ்வொரு போரோடும் ஏறியது. நீங்கள் யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களையும் அகழியையும் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்கென்று இத்தாலியில் முதலில் உருவான இந்த அமைப்புப் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஒரு நகரத்தைச் சுற்றி இப்படியான மதிலை எழுப்புவதற்கும், எழுப்பிய மதிலுக்கு வெளியே மாதக்கணக்கில் முற்றுகைப் படையை வைத்துத் தீனி போடுவதற்கும் ஆன செலவே பல அரசுகளின் முதுகை முறித்தது. அமெரிக்க வெள்ளியெல்லாம் கையில் இருந்தும் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு 1557, 1560, 1575, 1596 என்று நான்கு தடவைகள் கடன்காரர்களுக்குக் கையை விரித்தார். 1575 இல் அவர் கையை விரித்ததன் விளைவு, தம் ஆட்சிக்கு எதிராக எழுந்த ஒல்லாந்தை அடக்க அனுப்பிய படைக்கே சம்பளம் இல்லாமற் போனது. சம்பளம் கிடைக்காத அந்தப் படையினர் 1576 நவம்பரில் அன்ற்வேர்ப் நகரைச் சூறையாடினர். அதுவரை பிலிப்பை விட்டு முற்றாக விலகாதிருந்த தென் மாகாணங்கள், அடுத்த சில நாட்களிலேயே வடக்குக் கிளர்ச்சியாளருடன் கென்ற் நகரில் உடன்பாடு செய்துகொண்டன.

இங்கிலாந்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அங்கே மன்னரிடம் நிலையான படை இல்லை. கிராமங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் அரச உத்தியோகத்தர் இல்லை. மன்னரின் ஆணையை மாவட்டத்தில் நிறைவேற்றியவர்கள் சம்பளமின்றிச் சமாதான நீதவான்களாக இருந்த நிலவுடைமையாளர்களே. முதலாம் சார்ள்ஸ் 1629 முதல் 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்டார். கரையோர ஊர்களிடமிருந்து கடற்படைக்காக வாங்கப்பட்ட கப்பற் பணத்தை 1635 முதல் உள்நாட்டுக்கும் விரித்தார். ஜோன் ஹம்ப்டன் என்ற பெருநிலக்காரர் தம்மீது விதிக்கப்பட்ட 20 சிலிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். தொகை அற்பமானது, கேள்விதான் பெரியது. 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னருக்குச் சாதகமாகவும் 5 பேர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். மன்னர் வென்றார், ஆனால் ஐவர் அவருக்கு எதிராக நின்றதே நாடெங்கும் பேச்சாகி, அதன்பின் அந்த வரியின் வசூல் சரிந்தது.

இதற்கிடையில் ஸ்கொட்லாந்துத் திருச்சபைமீது புதிய வழிபாட்டு நூலொன்றைச் சார்ள்ஸ் திணிக்கப்போக, அந்நாடு ஆயுதம் ஏந்தியது. 1640 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்துப் படை நியூகாசிலைக் கைப்பற்றியது. இலண்டனின் அடுப்புகளுக்கு வேண்டிய நிலக்கரி கப்பலேறிய ஊர் அது. ஒக்ரோபரில் ரிப்பன் நகரில் செய்த உடன்படிக்கையின்படி, இறுதிச் சமாதானம் ஏற்படும்வரை அந்தப் படையின் செலவுக்கென நாளொன்றுக்கு 850 பவுண் கொடுக்க மன்னர் சம்மதித்தார். அவரிடம் அந்தப் பணம் இல்லை. கொடுக்கக்கூடியது பாராளுமன்றம் மட்டுமே. முன்பெல்லாம் பிடிக்காத பாராளுமன்றத்தை ஒரே சொல்லில் கலைத்தவர், அவ்வாண்டு நவம்பரில் கூடிய பாராளுமன்றத்தை, எவ்வளவு கசந்தபோதிலும், கலைக்க வழியில்லாமல் நின்றார். 1641 மே மாதத்தில் பாராளுமன்றத்தை அதன் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்ற சட்டத்துக்கும் ஒப்பமிட்டார். சார்ள்சின் தலை 1649 யனவரி 30 அன்று வெட்டுண்டதையே பாடநூல்கள் பெரிதாக எழுதுகின்றன. அவருடைய கைகள் கட்டப்பட்டது இந்த 850 பவுணால் என்பது என் கருத்து.

அதுவும் இன்னும் புரட்சியல்ல. 1641 ஒக்ரோபரில் அயர்லாந்து எழுந்தது. அதை அடக்கப் படை வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஆனால் அந்தப் படை மன்னர் கையில் இருப்பதா, பாராளுமன்றத்தின் கையில் இருப்பதா என்ற கேள்வி எழுந்தது. மன்னருக்கெதிரான நீண்ட குற்றப் பட்டியல் நவம்பரில் 159 க்கு 148 என்ற வாக்குகளால் நிறைவேறியது. நாட்டை நடத்தியவர்கள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்துவிட்டார்கள் என்பதை அந்தப் பதினொரு வாக்கு வித்தியாசமே சொல்லும். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் போர் தொடங்கியது.

பிரான்சிலும் இதே வரிசைதான். 1788 அளவில் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழப் பாதி பழைய கடனைத் தீர்க்கவே போயிற்று. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியாவைப் பழிவாங்கச் செலவிட்டதும் அதில் அடங்கும். 1787 இல் கூட்டிய பிரமுகர் சபை, தம் நிலங்களுக்கும் வரியா என்று கேட்டு மறுத்தது. 1788 ஓகஸ்டில் திறைசேரி கொடுப்பனவுகளை நிறுத்த நேர்ந்தது. 1614 க்குப் பின்னர் ஒருபோதும் கூடாத, குருமார், பிரபுக்கள், ஏனைய குடிகள் என்ற மூன்று வகுப்பினர் சபையை மறுஆண்டு கூட்டுவதாக மன்னர் வாக்களித்தார். கடனைக் கட்ட முடியாத அரசு எத்தனை விரைவாக மரியாதையை இழக்கும் என்பதை 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: "பசி வந்திடப் பத்தும் பறந்துபோம்" என்று நம் முன்னோர் சொன்னார்கள். வறுமையும் பஞ்சமுமே எல்லாப் புரட்சிக்கும் மூலம் என்று நான் நினைக்கிறேன். மற்றவையெல்லாம் படித்தவர்கள் பின்னால் சேர்த்த விளக்கங்கள் அல்லவா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், கரவெட்டி

பதில்: ஐயா, பசியின் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பரிஸ் நகரக் கணக்கைப் பாருங்கள். சாதாரண காலத்தில் அங்கே நாலு றாத்தல் பாணின் விலை 8 சூ (அக்காலப் பிரெஞ்சுச் சில்லறை நாணயம்) அளவில் இருந்தது. 1788 யூலையில் பெய்த ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. அதன்பின் வந்த கடுங்குளிரில் ஆறுகள் உறைந்து, நீராலைகள் சுற்றாமல், கையிருப்பில் இருந்த தானியத்தையும் மாவாக்க முடியாது போயிற்று. 1789 பெப்ரவரியில் அதே பாண் 14½ சூ ஆனது. கட்டட வேலைக் கூலியாளின் நாட்சம்பளம் 20 முதல் 30 சூ வரை. வேலை இல்லாத நாட்களில் அதுவும் இல்லை. நாலு பேருள்ள குடும்பத்துக்கு அப்படியொரு பாண் நாளொன்றுக்குப் போதாது. வாடகை, விறகு, எண்ணெய் எல்லாம் எங்கிருந்து வரும்?

ஆனால் இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1775 வசந்தத்திலும் பரிசில் பாணின் விலை 13 சூவைத் தாண்டியது. பரிசைச் சுற்றிய மாகாணங்களில் சந்தைகளும் பேக்கரிகளும் மாவாலைகளும் முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களில் தாக்கப்பட்டன. மக்கள் மாவைப் பறித்துத் தாங்களே நியாய விலை வைத்து விற்றார்கள். அமைச்சர் துர்கோ படையை இறக்கினார். பரிசில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்தது. பதினான்கு ஆண்டு இடைவெளியில் அதே நகரம், ஏறத்தாழ அதே விலை, அதே வயிறு. 1775 இல் அமைச்சர்களிடம் பணம் இருந்தது, படை சொன்னதைக் கேட்டது, நாடெங்கும் மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் சபை எதுவும் இருக்கவில்லை. 1789 இல் இவை மூன்றும் தலைகீழாயின. அவ்வாண்டு யூலை 14 அன்று பஸ்தீல் கோட்டையின் முன் நின்ற கூட்டத்தோடு, பரிசில் நிலைகொண்டிருந்த பிரெஞ்சுக் காவற்படையினரிலும் பலர் பீரங்கிகளோடு சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தின்மேல் சுட வேண்டியவன் கூட்டத்தில் நின்றால் அரசனுக்கு என்ன மிஞ்சும்?

பசி தனியே நின்றால் என்னவாகும் என்பதற்கு நேப்பிள்ஸ் மற்றொரு சாட்சி. 1647 யூலையில் பழங்களுக்கு விதித்த வரிக்கு எதிராக மசானியெல்லோ என்ற இளம் மீனவன் நகரையே கைக்குள் கொண்டுவந்தான். பத்து நாட்களுக்குள் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பானிய ஆட்சி திரும்பியது.

பசி எந்த நாளில், எந்தத் தெருவில், யார் முன்னே வருவார்கள் என்பதைத் தீர்மானித்தது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். 1789 ஒக்ரோபர் 5 அன்று மழையில் வேர்சாய் வரை நடந்தவர்கள் பரிஸ் சந்தைப் பெண்கள். எடின்பரோவில் 1637 யூலையில் புதிய வழிபாட்டு நூல் வாசிக்கப்பட்டபோது கோயிலுக்குள் முதலில் எழுந்து கூச்சலிட்டவர்களும் பெண்களே. பாணும் கோயிலும் வீட்டுப் பெண்களின் கையில் இருந்த காரியங்கள். அங்கே கை வைத்த அரசு, அரசியற் கூட்டம் எதற்கும் போயிராதவர்களையும் தெருவுக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: அச்சு இயந்திரமும் சமயச் சீர்திருத்தமும் இல்லாமல் இப்புரட்சிகள் நிகழ்ந்திருக்குமா? மாணவருக்கு எதை முதன்மையாகச் சொல்வது?
— ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கருத்துகளைப் பரப்பியதைவிட, மக்களுக்கு ஒன்றுசேர்ந்து காரியம் செய்யும் பழக்கத்தைக் கொடுத்ததே சமயத்தின் பெரிய பங்கு என்று சொல்லிக் கொடுங்கள். 1566 கோடையில் ஒல்லாந்து – பிளாண்டர்ஸ் நகர்களுக்கு வெளியே வயல்களில், கல்வினைப் பின்பற்றிய புரட்டஸ்தாந்தரின் பிரசங்கங்கள் நடந்தன. நகருக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. வருபவர்களுக்கு வழி காட்டவும், காவல் நிற்கவும், பிரசங்கியாரை ஒளித்து அழைத்துவரவும், ஏழைகளுக்கு நிதி சேர்க்கவும், மூப்பர்களைத் தெரிவுசெய்யவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். அரசின் உத்தரவின்றி இத்தனையும் நடத்தப் பழகிய சபை, நாளை ஒரு நகரத்தையே நடத்தவும் தயாராகிவிடுகிறது. ஸ்கொட்லாந்தில் 1638 பெப்ரவரி இறுதியில் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து எழுதப்பட்ட தேசிய உடன்படிக்கை, கோயிற் பங்குக்குப் பங்கு எடுத்துச் செல்லப்பட்டு ஒப்பமிடப்பட்டது. அந்தப் பங்கு வலைப்பின்னலே இரண்டு ஆண்டுகளில் படை திரட்டவும் பயன்பட்டது.

அச்சைப் பொறுத்தவரை ஓர் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் துண்டுப் பிரசுர வெள்ளம் அரசை உடைக்கவில்லை. அரசு உடைந்ததால் வெள்ளம் பெருகியது. 1641 யூலையில் பாராளுமன்றம் நட்சத்திர மண்டப நீதிமன்றத்தை ஒழித்ததும் தணிக்கையின் பிடி தளர்ந்தது. இலண்டன் புத்தக வியாபாரி ஜோர்ஜ் தொமசன் 1640 முதல் 1661 வரை கைக்குக் கிடைத்த பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் விடாமல் சேர்த்துவைத்தார். அத்தொகுப்பில் 22,000 க்கும் மேற்பட்டவை இன்றும் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மிசனரிமாரின் உதயதாரகை இதழுக்கும் நாவலருக்கும் இடையே நடந்த கண்டனப் பிரசுரப் போரை அறிந்த நம்மவருக்கு, ஒரு பக்கம் அச்சிட்டால் மறுபக்கமும் அச்சிட்டே தீரும் என்பது தெரியும்.

அந்தப் பிரசுரங்களைப் படித்தவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள். 1647 இல் பாராளுமன்றம் தன் படையைச் சம்பள பாக்கியைக் கொடுக்காமலே கலைக்க முற்பட்டபோது, படைப்பிரிவுகள் தத்தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தன. அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் பட்னியில் உள்ள ஒரு தேவாலயத்தில் அதிகாரிகளும் சிப்பாய்ப் பிரதிநிதிகளும் எதிரெதிரே அமர்ந்து, வாக்குரிமை யாருக்கு என்று வாதிட்டனர். இங்கிலாந்தின் மிக ஏழையான மனிதனுக்கும் பெரியவனைப் போலவே வாழ ஓர் உயிர் உண்டு என்று கேணல் ரெயின்ஸ்பரோ அங்கே பேசினார். இப்படியொரு பேச்சு எழுந்ததற்கு அடியில் இருந்தது சம்பள பாக்கி. அதைச் சொல்வதால் பேச்சின் பெருமை குறையாது.

மறுபக்கத்தையும் மாணவருக்குச் சொல்லுங்கள். 1525 இல் ஜேர்மன் குடியானவர்களின் பன்னிரு கோரிக்கைகள் மெமிங்கன் நகரில் எழுதப்பட்டு, சில வாரங்களில் ஊர் ஊராக அச்சிடப்பட்டன. அச்சும் இருந்தது, வேத வசனமும் இருந்தது. ஆனால் இளவரசர்கள் கத்தோலிக்கர், லூதரியர் என்ற பேதமின்றி அவர்களுக்கு எதிராக ஒன்றுபட்டனர். லூதரும் குடியானவர்களைக் கடிந்து எழுதினார். மே மாதம் பிராங்கன்ஹவுசனில் அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர்.

கேள்வி: எழுந்துவரும் நடுத்தர வர்க்கம், அதாவது வணிகரும் ஆலை உடைமையாளரும், பழைய பிரபுக்களைத் தள்ளிவிட்டதே புரட்சி என்று நாங்கள் அக்காலத்தில் வாசகசாலைகளில் படித்தோம். இன்றும் அது நிற்குமா?
— ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், மானிப்பாய்

பதில்: பாதி நிற்கும். ஒல்லாந்தில் நகர வணிகரின் பங்கு பெரியது என்பதை மறுக்க முடியாது. இங்கிலாந்தில் அப்படிப் பிரிக்க முடியவில்லை: நிலவுடைமையாளர் இரு பக்கத்திலும் நின்றார்கள், வணிகரும் இரு பக்கத்திலும் நின்றார்கள், பாராளுமன்றப் படையின் முதல் தளபதியே எசெக்ஸ் பிரபுதான். 1789 இல் மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகளாக வேர்சாய்க்கு வந்த ஏறத்தாழ அறுநூறு பேரிலும் வணிகரும் உற்பத்தியாளரும் சிறுபான்மையினரே. பெரும்பாலோர் சட்டத்தரணிகளும் அரச பதவி வகித்தவர்களும். மற்றைய முன்னணியாளர்களில் சியேய் ஒரு குருவானவர், மிராபோ ஒரு பிரபு. ஓகஸ்ட் 4 இரவு நிலமானிய உரிமைகளைக் கைவிடும் யோசனையை முதலில் முன்வைத்தவரும் நொவாய் என்ற பிரபுவே. இராமநாதன், அருணாசலம் காலம் முதல் வழக்குப் பேசத் தெரிந்தவர்களே பொதுக் காரியத்தில் முன்னுக்கு வந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு, சட்டத்தரணிகளின் ஆதிக்கம் வியப்பைத் தராது.

அவர்கள் ஏன் கோபம் கொண்டார்கள் என்பதே கேட்கத் தக்கது. பிரான்சில் நீதிபதிப் பதவி முதல் வரி வசூல் பதவி வரை விலைக்கு வாங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஒரு கட்டணம் செலுத்தினால் அது மகனுக்கும் போகும் என்று 1604 இல் சட்டமாயிற்று. பணம் சேர்த்த குடும்பம் ஆலை கட்டாமல் பதவி வாங்கியது, இரண்டு மூன்று தலைமுறையில் பிரபுவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஏணியின் மேற்படிகள் சில அகற்றப்பட்டன: 1781 இல், நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிரூபிக்காதவர்கள் படையில் நேரடியாக அதிகாரி ஆக முடியாது என்று கட்டளை வந்தது. கீழே நின்றவனைவிட ஏணியின் நடுவில் மறிக்கப்பட்டவனுக்கே எரிச்சல் அதிகம். ஆகவே வர்க்கங்கள் மோதின என்பதோடு, ஒரே வர்க்கத்துக்குள் உள்ளே விடப்பட்டவரும் வெளியே நிறுத்தப்பட்டவரும் மோதினர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி: 1648 இல் பரிசிலும் தடையரண்கள் எழுந்தனவாம். இங்கிலாந்தில் மன்னரின் தலை போன அதே காலத்தில் பிரான்சில் ஏன் எதுவும் மாறவில்லை?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: முன்னே சொன்ன பதவி விற்பனையே காரணம். 1648 இல் புதிய வரிகளை எதிர்த்து முன்னின்றவர்கள் பரிஸ் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள். அவர்களுடைய பெருஞ்சொத்து அவர்கள் வாங்கிய பதவி. அந்தப் பதவிக்கு மன்னரின் முத்திரையே உறுதி. அரியணை விழுந்தால் உறுதியும் போய்விடும். சார்ள்ஸ் கொல்லப்பட்ட செய்தி வந்து சேர்ந்த சில வாரங்களில், 1649 மார்ச்சில், அவர்கள் அரசுடன் சமாதானமானார்கள். பின்னர் கலகத்தைத் தொடர்ந்த இளவரசர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. 1653 இல் எல்லாம் முடிந்தது. சிறுவனாக இரவோடிரவாகப் பரிசை விட்டு ஓடிய பதினான்காம் லூயி அதை மறக்கவில்லை. வளர்ந்தபின் அரசவையைத் தலைநகருக்கு வெளியே வேர்சாயில் அமைத்துக்கொண்டார்.

கேள்வி: தம் உரிமைக்காக ஸ்பெயினை எதிர்த்து எழுந்த ஒல்லாந்தர், நம் நாட்டில் ஏன் உரிமை மறுத்தார்கள்? இப்புரட்சிகளால் யாழ்ப்பாணத்துக்கு ஏதாவது வந்து சேர்ந்ததா?
— வாசகர், காரைநகர்

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள முரண் அன்றைய ஒல்லாந்தருக்கு முரணாகத் தெரியவில்லை. 1581 யூலையில் அவர்களுடைய மாகாண சபைகள் இரண்டாம் பிலிப்பை நீக்கி வெளியிட்ட பிரகடனம், குடிகள் மன்னருக்காகப் படைக்கப்படவில்லை, மன்னரே குடிகளுக்காக உள்ளார் என்று கூறியது. கேட்பதற்கு எல்லா மனிதருக்கும் பொதுவான நியாயம் போல இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அவர்கள் காத்தது, நகரங்களுக்கும் மாகாணங்களுக்கும் பழைய பிரபுக்கள் எழுதிக்கொடுத்த சலுகைகளையே. சம்மதமின்றி வரி போடக்கூடாது என்பதும் அத்தகைய சலுகைதான். விற்கும் ஒவ்வொரு பொருளிலும் பத்திலொரு பங்கு என்று பிலிப்பின் ஆளுநர் அல்பா கோமகன் நிரந்தர வரி கேட்டபோது அவர்கள் கொதித்தெழுந்தது அதனால். சலுகைப் பத்திரமும் அதைப் பேசும் சபையும் இல்லாத ஊருக்கு அந்த நியாயம் செல்லுபடியாகாது.

யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் ஒல்லாந்து நாடல்ல, 1602 இல் உரிமைப் பத்திரம் பெற்ற வணிகக் கும்பனி. 1658 யூனில் கோட்டையைப் பிடித்ததும் அது கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தது. சைவர்களும் வெளிப்படையாக வழிபட முடியவில்லை. மனச்சாட்சிக்காக வயல்வெளியில் பிரசங்கம் கேட்டவர்களின் சந்ததியினர் ஆண்ட காலத்தில், 1687 இல் இங்கு வந்த யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் நடமாடி, சில்லாலையில் மறைவாகப் பூசை செய்ய நேர்ந்தது. 1707 இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை தொகுக்கப்பட்டபோது பன்னிரு முதலியார்களைக் கொண்டு அது சரிபார்க்கப்பட்டது. மணம், சீதனம், காணி ஆகியவற்றில் ஊர் வழக்கத்தைக் கேட்டறிந்தார்கள்; வரி பற்றி எவரையும் கேட்கவில்லை.

ஐரோப்பியப் புரட்சிகள் இங்கே ஆட்சி மாற்றமாக மட்டுமே வந்து சேர்ந்தன. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது போர்த்துக்கல் ஸ்பானிய மன்னருக்குக் கீழ் இருந்தது. 1640 டிசெம்பரில் லிஸ்பன் பிரபுக்கள் அந்த இணைப்பை முறித்தபோது இங்குள்ள குடிகளுக்கு மன்னரின் பெயர் மட்டும் மாறியது. 1795 யனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்துக்குள் நுழைய, அங்கே பத்தாவியக் குடியரசு அமைந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்து ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தக் குடியேற்றங்களில் பிரித்தானியப் படையை உள்ளே விடும்படி இலண்டனுக்கு அருகிலுள்ள கியூவிலிருந்து கடிதம் எழுதினார். அவ்வாண்டு செப்ரெம்பரில் யாழ்ப்பாணம் கைமாறியது. சம்மதத்தோடு வரி என்ற பேச்சு இங்கே தலைகாட்ட இன்னும் நாற்பது ஆண்டுகள் போயின. 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் உருவான சட்டநிரூபண சபையில் தமிழருக்கென ஓர் இடம் வைக்கப்பட்டது. அதற்கும் ஆளைத் தெரிந்தவர் ஆளுநரே.